திரையில் தோன்றும் தேதி

(வணிகவியல், கணினியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையத்தில் ஆர்டர் செய்த பார்சல் சொன்ன நாளில் ஏன் வருவதில்லை? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். அதிலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில், கிறிஸ்துமஸை ஒட்டிய குளிர்கால விடுமுறைக் காலத்தில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. அந்த ஊர்க் கதையை இங்கே உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். யூ.பி.எஸ்., அமேசான், வால்மார்ட் ஆகிய நிறுவனங்களுக்குச் சென்னையில் தொழில்நுட்ப மையங்கள் இருக்கின்றன. உங்களில் சிலர் நாளை அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் திரையில் ‘டிசம்பர் 24-க்குள் வந்து சேரும்’ என்று காட்டும் நிரலை எழுதப் போகிறீர்கள். இன்னும் சிலர், ‘என் பார்சல் எங்கே?’ என்று கேட்கும் அழைப்பை எடுக்கப் போகிறீர்கள். ஆகவே இது உங்கள் கதையும்தான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதியைக் கொடுப்பவர் ஒருவர். அதைக் காப்பாற்ற ஓடுபவர் வேறொருவர். கொடுப்பவருக்கு விற்பனை கிடைக்கிறது. ஓடுபவருக்கு வசவு கிடைக்கிறது. இந்த ஏற்பாடு மாறாதவரை எத்தனை விமானம் வாங்கினாலும், எத்தனை ஆளைச் சேர்த்தாலும் டிசம்பர் தாமதம் தீராது. இதை வரலாற்றையும் கணக்கையும் சட்டத்தையும் வைத்து உங்கள் முன் நிறுவ முயல்கிறேன்.

பண்டிகைக் காலத் தாமதம் இணையத்தோடு பிறந்ததல்ல. பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னி தபால் வந்தது. 1843-இல் ஹென்றி கோல் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டார். மலிவான தபாலும் வாழ்த்து அட்டையும் சேர்ந்ததும் டிசம்பரில் தபால் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. 1880-இலேயே பிரிட்டிஷ் தபால்துறை, ‘கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே அனுப்புங்கள்’ என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. 1883-இல் அங்கே பார்சல் தபால் தொடங்கியது. அமெரிக்காவில் அது 1913 ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. ஒவ்வொரு புதிய வசதியும் சுமையைக் கூட்டியது. அதோடு, ‘முன்கூட்டியே அனுப்புங்கள்’ என்ற வேண்டுகோளும் தொடர்ந்து வந்தது.

இங்கே ஒரு பெண்மணியை நான் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஃபிளாரன்ஸ் கெல்லி. 1899 முதல் அமெரிக்கத் தேசிய நுகர்வோர் சங்கத்தை நடத்தியவர். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடியவர். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடைகளின் பணிப்பெண்களும், வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோன சிறுவர்களும் இரவு நெடுநேரம் உழைக்க நேர்ந்ததை 1903-இல் எழுதினார். அவருடைய சங்கம் வாங்குபவர்களைப் பார்த்து, ‘சீக்கிரம் வாங்குங்கள்’ என்று இயக்கம் நடத்தியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தபால்துறை சீக்கிரம் அனுப்பச் சொன்னது, கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. கெல்லி சீக்கிரம் வாங்கச் சொன்னது, அதைச் சுமக்கும் பையன் நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்ட அந்தப் பார்வையை நாம் இன்று தொலைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இனி அமெரிக்க நாட்காட்டியைப் பார்ப்போம். அங்கே பண்டிகை வியாபாரம், நன்றி தெரிவிக்கும் நாளான தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மறுநாளிலிருந்து சூடுபிடிக்கிறது. அதுதான் பிளாக் ஃப்ரைடே. அடுத்து வரும் திங்கட்கிழமைக்குச் சைபர் மண்டே என்று 2005-இல் சில்லறை வணிகர் கூட்டமைப்பு பெயர் சூட்டியது. தேங்க்ஸ்கிவிங் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை. அது 22-ஆம் தேதியும் வரலாம், 28-ஆம் தேதியும் வரலாம். 22-இல் வந்தால் கிறிஸ்துமஸ் 33 நாள் தள்ளி இருக்கிறது. 28-இல் வந்தால் 27 நாளில் வந்துவிடுகிறது. அதே மக்கள், அதே பரிசுகள், அதே வண்டிகள். ஆனால் ஏறக்குறைய ஒரு வாரம் கையில் இல்லை.

அந்த ஒரு வாரத்தின் மதிப்பை அரசியலே உணர்ந்திருந்தது. 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். வழக்கப்படி கடைசி வியாழனில் கொண்டாடினால் 30-ஆம் தேதி ஆகிவிடும். வணிகர்கள் முறையிட, குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விடுமுறையை ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன; நாடு இரண்டு தேங்க்ஸ்கிவிங் கொண்டாடியது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு 1941-இல் நாடாளுமன்றம் நான்காம் வியாழன் என்று சட்டம் செய்தது. கடைவீதிக்காக நாட்காட்டியையே நகர்த்திய நாடு அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இணைய வணிகத்தின் முதல் பெரிய டிசம்பர் 1999. அப்போதுதான் லட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முறையாகக் கணினியில் பொம்மை வாங்கின. இணையதளங்கள் ஆர்டரைத் தயக்கமின்றி வாங்கிக்கொண்டன. கிடங்கில் பொருளை எடுத்து, கட்டி, முகவரி ஒட்டி அனுப்ப அந்த வேகம் இல்லை. டாய்ஸ் ஆர் அஸ் நிறுவனத்தின் இணையக் கடை, கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களே இருக்கும்போது வாடிக்கையாளர்களிடம், ‘உங்கள் பொருள் பண்டிகைக்குள் வராது’ என்று தெரிவிக்க நேர்ந்தது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இதை விசாரித்தது. 2000 ஜூலையில் மேசிஸ், டாய்ஸ் ஆர் அஸ், சிடிநவ் உள்ளிட்ட ஏழு இணைய வணிகர்கள் மொத்தம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டனர்.

எந்தச் சட்டத்தின்படி? அஞ்சல்வழி வணிகத்துக்காக 1975-இல் வகுத்த ஒரு விதியின்படி. ‘இத்தனை நாளில் அனுப்புவேன்’ என்று விற்பவர் சொன்னால், அப்படிச் சொல்ல நியாயமான ஆதாரம் அவரிடம் இருக்க வேண்டும். நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் வாங்கியவருக்குத் தெரிவித்து, ‘காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா?’ என்று கேட்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அது அனுப்பும் நாளைத்தான் கண்காணிக்கிறது, போய்ச் சேரும் நாளை அல்ல. கிடங்கிலிருந்து பார்சல் வெளியேறியதும் விற்பவரின் கடமை முடிந்துவிடுகிறது. வீட்டில் காத்திருக்கும் குழந்தைக்கோ, பொருள் எப்போது வாசலுக்கு வரும் என்பதுதான் கணக்கு. இந்த இடைவெளி பதினான்கு ஆண்டு கழித்து வெடித்தது.

2013. அந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 28. காலம் குறுகிவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் டெக்சாஸின் டாலஸ் வட்டாரத்தைப் பனிக்கட்டிப் புயல் முடக்கியது. கடைகள் இழந்த நாள்களை ஈடுசெய்யக் கடைசி வாரத்தில் தள்ளுபடியை வாரி இறைத்தன. ‘22-ஆம் தேதி வரை ஆர்டர் செய்யலாம், 23-ஆம் தேதி வரை செய்யலாம், பண்டிகைக்குள் வந்துவிடும்’ என்று கெடுவை நீட்டிக்கொண்டே போயின. அமேசான், 2005-இல் ஆண்டுக்கு 79 டாலர் சந்தாவில் இரண்டு நாளில் டெலிவரி என்று தொடங்கிய பிரைம் திட்டத்தில், 2013 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய உறுப்பினர்கள் சேர்ந்ததாக அறிவித்தது. இத்தனை வாக்குறுதிகளின் சுமையும் பெருமளவில் யூ.பி.எஸ். என்னும் கூரியர் நிறுவனத்தின் தோளில் விழுந்தது. வான்வழிப் பார்சல்களின் அளவு தன் கொள்ளளவை மீறிவிட்டதாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. டிசம்பர் 25 காலையில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தடி காலியாக இருந்தது. அமேசான், பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பும் கட்டணத்தைத் திருப்பித் தந்து 20 டாலர் பரிசு அட்டையும் கொடுத்தது.

யூ.பி.எஸ். அந்தப் பருவத்துக்கு 55,000 தற்காலிக ஊழியர்களை எடுக்கத் திட்டமிட்டிருந்தது. கடைசியில் 85,000 பேரை எடுத்தது. முப்பதாயிரம் பேரைக் கூடுதலாகச் சேர்த்தும் ஏன் முடியவில்லை? இங்கேதான் கணக்கு வருகிறது.

கல்யாண வீட்டுப் பந்தியை எண்ணிப் பாருங்கள். நூறு இலை போடும் கூடம். இருநூறு பேர் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை பிரிந்து பிரிந்து வந்தால் யாரும் நிற்க வேண்டாம். தாலி கட்டி முடிந்த கையோடு அத்தனை பேரும் எழுந்து வந்தால், நூறு பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். சோறு குறையவில்லை, ஆளும் குறையவில்லை. வந்த நேரம்தான் ஒன்றாகிவிட்டது. அப்போது யார் திட்டு வாங்குகிறார்? பரிமாறுகிறவர்.

இந்த நெரிசலுக்குக் கணிதம் உண்டு. 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏ. கே. எர்லாங் என்பவர் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாடு அது. அதன் மிக எளிய வடிவத்தைச் சொல்கிறேன். ஒரு பார்சலைக் கையாளச் சராசரியாக ஒரு நிமிடம் எடுக்கும் ஓர் இடம். வரவு ஒழுங்கில்லாமல் அமைகிறது. அந்த இடம் பாதி அளவுக்கு வேலையில் இருந்தால் ஒரு பார்சல் அங்கே சராசரியாக 2 நிமிடம் இருக்கும். 80 சதவீதம் ஆனால் 5 நிமிடம். 90 சதவீதம் ஆனால் 10. 95 சதவீதம் ஆனால் 20. வேலை 90-இலிருந்து 95-க்கு ஏறுகிறது, தாமதம் இரட்டிப்பாகிறது. டிசம்பரில் தபால், கூரியர் அமைப்பு முழுவதும் இந்தக் கடைசிச் சில சதவீதங்களில்தான் ஓடுகிறது. அந்த உச்சியில் ஒரு பனிப்பொழிவு, ஒரு விபத்து, ஒரு கிடங்கில் பழுதான கன்வேயர் என்று எது வந்தாலும் அது நாள்கணக்கில் எதிரொலிக்கும்.

அமைப்பின் வடிவமும் இதற்குத் துணைபோகிறது. 1973 ஏப்ரல் 17 இரவு, ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 14 விமானங்களில் 186 பார்சல்களை 25 நகரங்களுக்குக் கொண்டுபோய்த் தன் சேவையைத் தொடங்கியது. தொடக்க காலத்தில் எல்லாப் பார்சலும் இரவில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்கு வந்தன. அங்கே பிரித்து அடுக்கி, விடிவதற்குள் மறுபடி ஏற்றி அனுப்பினார்கள். பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய பார்சலும் மெம்ஃபிஸ் வந்துதான் போனது. யூ.பி.எஸ். நிறுவனத்துக்கு இதே வேலையைச் செய்வது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலுள்ள மையம். மணிக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்சல்களைப் பிரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சாதாரண நாளில் வியக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் விமானம் மெம்ஃபிஸுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் பிரிக்கும் நேரம் தவறிவிடுகிறது. விடியற்காலை விமானம் தவறிவிடுகிறது. வாசலில் அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளாக விரிகிறது. அந்த நாள் டிசம்பர் 24 என்றால், 25 விடுமுறை. அடுத்து வார இறுதி வந்தால் இன்னும் தள்ளிப்போகிறது.

அப்படியானால் கொள்ளளவைக் கூட்டிவிட்டால் போதாதா? கூட்டிப் பார்த்தார்கள். 2014-இல் யூ.பி.எஸ். பண்டிகைக் காலத்துக்காக ஏறக்குறைய 50 கோடி டாலர் ஒதுக்கியது. 95,000 வரை தற்காலிக ஊழியர்களை எடுப்பதாக அறிவித்தது. பார்சல்கள் பெரும்பாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவு வராத நாள்களில் ஆளும் வண்டியும் சும்மா நின்றன. அந்த உச்சப் பருவத்துக்கான செலவு கணித்ததைவிட ஏறத்தாழ 20 கோடி டாலர் கூடிவிட்டது என்று 2015 ஜனவரியில் நிறுவனம் சொன்னது. பங்கு விலை சரிந்தது. 2013-இல் பார்சல் தாமதமானதற்கு வாடிக்கையாளர் தண்டித்தார். 2014-இல் பார்சல் நேரத்துக்குப் போனதற்குப் பங்குச் சந்தை தண்டித்தது. வணிகவியல் படிக்கிற நீங்கள் இதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் தேவைப்படும் கொள்ளளவை ஆண்டு முழுவதும் யார் பராமரிப்பது? அதற்கான காசை யார் தருவது? ‘இலவச டெலிவரி’ என்று திரையில் எழுதியிருக்கும்வரை இந்தக் கேள்வி வாங்குபவரின் கண்ணுக்குப் படவே படாது.

கூரியர் நிறுவனங்கள் அதன்பின் வேறு வழிகளைக் கண்டன. 2017 முதல் யூ.பி.எஸ். உச்சப் பருவத்தில் வீட்டு டெலிவரிக்குக் கூடுதல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பெருந்தொற்று ஆண்டான 2020-இல் மக்கள் கடைக்குப் போக முடியாமல் எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கினார்கள். அந்தச் சைபர் மண்டே அன்று யூ.பி.எஸ்., நைக்கி, கேப் போன்ற பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்துகூட வரம்புக்கு மேல் பார்சல் எடுக்க வேண்டாம் என்று தன் டிரைவர்களுக்குச் சொன்னது. மறுக்க முடிந்தவர்கள் மறுத்தார்கள். மறுக்க முடியாத அரசுத் தபால்துறையிடம் மிச்சமெல்லாம் வந்து சேர்ந்தது. அந்தப் பருவத்தில் அமெரிக்கத் தபால்துறை 110 கோடிக்கும் மேற்பட்ட பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் நோயிலும் தனிமைப்படுத்தலிலும் இருந்த நேரம் அது. பலருக்குப் பார்சல் வாரக்கணக்கில் தாமதமானது உண்மை. வந்ததே பெரிது என்பதும் உண்மை.

அடுத்த ஆண்டு நெரிசல் கடலுக்குப் போனது. அமெரிக்காவுக்கு வந்த கன்டெய்னர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் அப்போது லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் என்னும் இரட்டைத் துறைமுகங்களின் வழியே இறங்கியது. 2021 இலையுதிர் காலத்தில் அங்கே டஜன் கணக்கில் கப்பல்கள் இடம் கிடைக்காமல் கடலிலேயே காத்துக்கிடந்தன. அக்டோபரில், துறைமுகம் இரவும் பகலும் இயங்கும் என்று குடியரசுத் தலைவர் பைடனே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் வானம் கைவிட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எலியட் என்று பெயரிடப்பட்ட கடுங்குளிர்ப் புயல் நாட்டின் பெரும்பகுதியை உறையவைத்தது. மெம்ஃபிஸ், லூயிவில் இரண்டு மையங்களிலும் வேலை தடைபட்டது. பஃபலோ நகரில் ஆம்புலன்ஸே பனியில் சிக்கி நின்றது. அந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆம்புலன்ஸ் போக முடியாத தெருவில் ஒரு பார்சல் வண்டி போக வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இப்போது நான் கனத்த நெஞ்சோடு சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம். இல்லினாய் மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில் ஊரில் இருந்த அமேசான் டெலிவரி நிலையத்தைச் சூறாவளி தாக்கியது. சுவர்கள் இடிந்து ஆறு பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அமேசானின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனங்களின் கீழ் வேலை செய்தவர்கள். அதே இரவில் கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்ட் நகரில், பண்டிகை ஆர்டர்களுக்காக இரவு பகலாக இயங்கிய மெழுகுவத்தித் தொழிற்சாலை ஒன்று தரைமட்டமானது. அங்கும் தொழிலாளர்கள் மாண்டனர். சூறாவளியை யாரும் வரவழைக்கவில்லை. ஆனால் அந்த இரவில், அந்த நேரத்தில், அத்தனை பேர் அந்தக் கூரைகளின் கீழ் இருந்ததற்குப் பண்டிகைக் கெடுவும் ஒரு காரணம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம் எட்வர்ட்ஸ்வில் சம்பவத்தை விசாரித்து, அவசரகால ஏற்பாடுகளைச் சரிசெய்யுமாறு கடிதம் அனுப்பியது, அபராதம் விதிக்கவில்லை. ஃபிளாரன்ஸ் கெல்லியின் பையன்கள் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

வேலைநிறுத்தத் தாமதங்களையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 2022-இல் பிரிட்டனின் ராயல் மெயில் ஊழியர்கள், டிசம்பர் 23, 24 உட்படப் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024-இல் கனடா போஸ்ட் ஊழியர்கள் ஏறக்குறைய 55,000 பேர் நவம்பர் 15 அன்று வேலையை நிறுத்தினர். அரசு தலையிட்ட பிறகு டிசம்பர் 17 அன்றுதான் திரும்பினர். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் நம் ஈழத்து உறவுகள் உட்பட நாடு முழுவதும் மக்கள் ஒரு மாதம் தபால் இன்றித் தவித்தார்கள். சிறு வணிகர்களுக்கு ஆண்டின் முக்கியமான வாரங்கள் பறிபோயின. வேறு கூரியர் எட்டாத வடபகுதிக் கிராமங்களின் நிலை இன்னும் மோசம். அந்தத் துன்பம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அதே நேரம், தொழிலாளர் ஏன் டிசம்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்ற பதினொரு மாதமும் அவர்களை எவரும் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் இன்னொன்றும் உண்டு. முதல் வகுப்புத் தபாலில் 93 சதவீதம் மறுவேலைநாளில் சேர வேண்டும் என்பது ராயல் மெயிலுக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நீண்டகாலம் வைத்திருந்த இலக்கு. அதைத் தவறவிட்டதற்காக 2023-இல் 56 லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. ஆனால் டிசம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்கிப் புத்தாண்டு விடுமுறை வரையிலான நாள்கள் அந்தக் கணக்கில் சேரா. மக்கள் மிகவும் எதிர்பார்க்கும் மாதத்தை அளவுகோல் அளப்பதில்லை. ஊழியர் மீது நியாயமற்ற சுமை விழக் கூடாது என்று பார்த்தால் இதில் பொருள் உண்டு. ஆனால், ‘இந்த மாதத்தில் வேகத்துக்கு உறுதி இல்லை’ என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லாமல், அதே மாதத்தில் வேகத்தை விளம்பரம் செய்வதில் எந்த நியாயமும் இல்லை.

சட்டம் என்ன செய்ய முடியும்? பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒரு நல்ல படி எடுத்து வைத்தது. குறிப்பிட்ட நாளுக்குள் வந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிராக இருந்தால், அந்த நாள் தவறியதுமே வாங்கியவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறலாம். பொருளுக்குப் பொறுப்பு கூரியர் அல்ல, விற்றவர்தான் என்பதிலும் அந்தச் சட்டம் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டிலும் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இதைப் போன்ற ஒரு பிரிவு உண்டு. சொன்ன கால அட்டவணைக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தீபாவளிக்கு ஆர்டர் செய்த புதுத்துணி பண்டிகை முடிந்து வந்தால், டெலிவரி கொண்டுவரும் தம்பியிடம் கோபப்படாதீர்கள். அவர் கையில் அந்தத் தேதி இருந்ததில்லை. இந்த விதியைச் சொல்லி விற்றவரைக் கேளுங்கள்.

ஆனால் சட்டம் கடைசிக் கதவுதான். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல. ‘அவசரமில்லை, மெதுவாக அனுப்புங்கள்’ என்று வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் வசதியும், வாரத்தில் ஒரு நாளில் எல்லாப் பார்சலையும் சேர்த்துப் பெறும் வசதியும் அமேசானிலேயே இருக்கின்றன. ஜெர்மனியில் டி.எச்.எல். நிறுவனம் 2001 முதல் தெருமுனைப் பார்சல் பெட்டகங்களை நிறுவிவருகிறது. போலந்தில் இன்போஸ்ட் நிறுவனம் 2009 முதல் அதையே நாடெங்கும் பரப்பியது. வீட்டில் ஆளில்லாமல் திரும்பிப் போகும் வண்டிக்கு இது விடை. ஒரே நிறுத்தத்தில் பல பார்சல்களை இறக்கிவிட்டு டிரைவர் அடுத்த தெருவுக்குப் போகலாம். கட்டணமும் உண்மையைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 5-இல் வாங்குவதும் டிசம்பர் 22-இல் வாங்குவதும் ஒரே செலவு என்று திரை காட்டினால், மக்கள் 22-ஐத்தான் தேர்வார்கள். அந்தக் கூடுதல் செலவு டிரைவரின் ஓவர்டைமிலும் கிடங்குத் தொழிலாளியின் முதுகிலும் ஒளிந்துகொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், தேதி. அதைக் கணிக்கும் நிரல் கடந்த ஆண்டுகளின் பார்சல் கணக்கையும், வானிலை முன்னறிவிப்பையும், கூரியர் நிறுவனம் எவ்வளவு ஏற்கத் தயாராக இருக்கிறது என்பதையும் பார்க்க முடியும். ‘23-ஆம் தேதி வரக்கூடும், பண்டிகைக்குப் பின் வரவும் வாய்ப்புண்டு’ என்று நேர்மையாகச் சொல்லவும் அதற்கு முடியும். ஆனால் அப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துத் தளத்துக்குப் போய்விடுவார் என்ற பயம் விற்பனைப் பிரிவுக்கு இருக்கும். அந்தப் பயத்துக்கும் கணக்குக்கும் நடுவில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள்.

அதனால் உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். நிரல் எழுதப் போகிறவர்களே, ஆதாரமில்லாத தேதியைத் திரையில் காட்டச் சொன்னால், ‘இதைச் சுமக்கப் போவது யார்? அவர்களைக் கேட்டோமா?’ என்று கூட்டத்தில் ஒரு முறையாவது கேளுங்கள். வணிகம் நடத்தப் போகிறவர்களே, தேதி தவறினால் அதன் செலவை உங்கள் கணக்கில் எழுதுங்கள். டிரைவரின் மதிப்பெண்ணில் கழிக்காதீர்கள். வாங்குகிறவர்களே, அதாவது நாம் எல்லோருமே, பண்டிகை எந்த நாள் என்று ஆண்டு தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்னால் வாங்கினால் எங்கோ ஒருவருடைய இரவு வேலை குறையும். இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன. இவற்றை இந்த ஆண்டே தொடங்கலாம்.